காக்கிக்கும் கூப்பனுக்கும் நடுவே

வாசலில் அண்ணன் முகம்மது கனி செருப்பை உதறும் சத்தம் கேட்டபோது அஜ்மல் பீவியின் மடியில் ஒரு பழைய கறுப்புக் கோட்டு கிடந்தது. யாரோ பள்ளிக்கூட வாத்தியார் இருபது வருஷத்துக்கு முன்னால் தைத்துப் போட்டது. புதுத்துணிக்கு ரேஷன் கூப்பன் கிடைக்காமல், அதையே பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கக் கொடுத்திருந்தார். துணியைத் திருப்பினால் பித்தான் துளைகள் எதிர்ப்பக்கம் போய்விடும். பழைய துளைகளை இழை தெரியாமல் அடைக்க வேண்டும், புதுத் துளை வெட்டி ஓரம் சுற்றிக் காஜா கட்ட வேண்டும். காலையிலிருந்து அவள் மூன்று துளைகளை அடைத்திருந்தாள்.

கனி கூடத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். நெல்பேட்டையிலிருந்து தெற்குவாசல் வரை ஆடி வெயிலில் நடந்து வந்திருந்தான்.

"வக்கீலப் பாத்துட்டுத்தான் வாரேன், அஜ்மலு" என்றான். "புருசன் எங்க இருக்கான்னு நாலு வருசம் தெரியலைன்னா கோர்ட்டுல எழுதிக் கேட்டு நிக்காஹை முறிச்சுக்கிறலாமாம். சட்டம் வந்தே ஏழு வருசம் ஆச்சாம். நமக்குத்தான் தெரியல."

அவள் ஊசியைக் கோட்டில் குத்தி வைத்தாள். "மாமாவுக்கு இது தெரியணுமா?"

"புருசனைப் பெத்தவருல்ல, அவருக்கும் நோட்டீசு போகும். அவர் என்ன சொல்றாருன்னும் கோர்ட்டுல கேப்பாக. அதான் சட்டம்."

"புருசன் சோறு போடலைன்னும் எழுதலாம், அப்படின்னா இன்னும் சுளுவுன்னாரு வக்கீலு" என்று கனி சேர்த்துக்கொண்டான்.

"அது வேணாம்ணே. மாமா ஒரு நா என்னயப் பட்டினி போட்டதில்ல. இந்த வீட்டுல சோறில்லைன்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"அட கூறுகெட்டவளே, அது புருசன் போடுற சோத்தப் பத்தினது."

"எந்தச் சோறா இருந்தா என்ன. வேணாம்."

கனி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பரவைச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறார் என்று முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தான். இன்றைக்கும் சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு அந்த மனிதர் மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. இருபத்தெட்டு வயதில் தான் யாருடைய மனைவி, யாருடைய கைம்பெண் என்று ஒருவராவது உறுதியாகச் சொன்னால் போதும் என்றிருந்தது.

அவளுடைய மாமனார் பீர் முகமது, மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் ஒரு கல்தூணை ஒட்டி மெஷின் போட்டிருக்கும் தையல்காரர். அந்த வட்டாரத்தில் அவர் தையலுக்கு எவ்வளவு பெயர் இருந்ததோ அவ்வளவு பெயர் அவர் பேச்சுக்கும் உண்டு. வருஷக் கணக்கு அவருக்கு வராது. மனிதர்கள் எதைத் தைக்கக் கொண்டு வந்தார்களோ அதை வைத்துத்தான் அவருக்குக் காலம். அவருக்குக் கல்யாணமானது துருக்கித் தொப்பிக் காலத்தில். கிலாபத்து ஊர்வலம் போன நாட்களில் தொப்பிக்குக் குஞ்சம் வைத்தே கை காய்த்துப் போனது என்பார். அடுத்தது கோட்டுக் காலம்: கச்சேரிக் குமாஸ்தாவிலிருந்து கணக்கு வாத்தியார் வரைக்கும் கழுத்துவரை பித்தான் போட்டு வியர்த்து வழிந்தார்கள். அப்புறம் அதே ஆட்கள் கோட்டைக் கழற்றிவிட்டுக் கதரோடு வந்தார்கள். அந்தத் துணி ஊசிகளை முறித்தது. ஆகவே கதர்க் காலத்துக்கு அவர் வைத்த இன்னொரு பெயர் ஊசி ஒடிஞ்ச காலம். பிறகு பேசும்படம் வந்தது. பத்திரிகையில் கிழித்த படத்தை நீட்டி, இந்த மாதிரிப் புடைத்த கை வைத்து ரவிக்கை வேண்டுமென்று புருஷன்மார் வெட்கத்தோடு வந்து நின்றார்கள். அது சினிமாக் காலம். சண்டை வந்ததும் பட்டாளச் சட்டையாகத் தைத்துத் தள்ளியது காக்கிக் காலம். துணியே இல்லாமல் போய், ஜனங்கள் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டு அலைவது கூப்பன் காலம்.

பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தொற்றிவிட்டது. பாத்திரக்கடைச் சிவனாண்டி தன் மூத்த மகன் கதர்க் காலத்தின் கடைசியில் பிறந்தவன் என்றே சொல்லுவார். அழகர் திருவிழாவில் வேஷம் கட்டுகிறவர்களுக்குத் தைக்கிற சல்லடம் என்ற அரைக்காலுடுப்பும் உருமால் தலைப்பாகையும் மட்டும் எந்தக் காலத்திலும் அடங்காமல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகும்.

அஜ்மல் பீவி இந்த வீட்டுக்கு வந்தது சினிமாக் காலத்தில். இன்று வரை அவள் ஒரு சினிமாவும் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தக் காலம் கொக்கியும் கண்ணியுமாகத்தான் வந்தது. ஒரு ரவிக்கைக்கு ஆறு வீதம், கூடை கூடையாக. காக்கிக் காலம் பித்தளைப் பித்தானாக வந்தது. அந்தச் சட்டைகளைப் போட்டவர்கள் எங்கே நடந்தார்கள், எங்கே விழுந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டுப் பேசத் தொடங்கினால்தான் தெருவும் கடைவீதியும் ஊரும் அவளுக்கு வரும். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவள் புருஷன் பாதுஷா ரங்கூனுக்குப் போனான். அங்கே துணி வெட்டுகிறவனுக்கு நல்ல கூலி என்றார்கள். ஒரு தடவை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்த இரண்டு மாதமும் அவன் ஒரே படபடப்பாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. முற்றத்தில் நின்றால் நான்கு சுவரையும் மாறி மாறிப் பார்ப்பான். "இதுக்குள்ள எப்பிடித்தான் இருக்கியோ" என்று ஒரு நாள் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் வெளியே போய்விட்டான்.

அதன்பிறகு கடிதங்கள். பிறகு அதுவும் இல்லை.

நோட்டீஸ் வந்த அன்று பீர் முகமது கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவியபிறகு, "என்னயக் கேட்டிருந்தா நானே வக்கீலுகிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேனே தாயி" என்றார்.

"கேட்டா நீங்க கூட்டிட்டுப் போயிருக்க மாட்டீக மாமா."

அவர் கையைத் துண்டில் துடைத்தார். "ஆமா" என்றார். "மாட்டேன்."

ஐப்பசியில் விசாரணை வந்தது. அவள் வெள்ளைத் துப்பட்டியால் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு, அண்ணனோடு குதிரைவண்டியில் முன்சீப் கோர்ட்டுக்குப் போனாள். பீர் முகமது நடந்தே வந்திருந்தார். அவர் தனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. துவைத்து இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாகக் கூண்டில் ஏறி நின்று உண்மையே சொல்வதாக அல்லாஹ்வின் பேரால் சத்தியம் செய்தார். அவர் இவ்வளவு குட்டையான மனிதர் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவளுடைய வக்கீல் கேட்டார்: "உங்க மகன்கிட்டயிருந்து கடைசிக் கடிதம் எப்ப வந்தது?"

"சண்டையிலதாங்க."

"எந்த வருஷம்?"

"வருசக் கணக்கெல்லாம் எனக்கு வராதுங்க. கூப்பன் காலத்துல வந்துச்சு."

முன்சீப் நிமிர்ந்து பார்த்தார். "கூப்பன் காலமா? அது எது?"

அவ்வளவுதான். பீர் முகமது தன் கணக்கு முழுவதையும் தொப்பியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். கதரில் ஊசி ஒடிந்ததைச் சொன்னபோது கதர் போட்டிருந்த ஒரு வக்கீலே சிரித்தார். டவாலிச் சேவகன் சிரித்தான். முன்சீப்பும் சிரித்துவிட்டு, மேஜையில் பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். கூண்டில் நின்ற மனிதர் கடையில் இருப்பது போலவே ஆகிவிட்டார். கைகள் விரிந்தன, குரல் ஏறி இறங்கியது. "காக்கி நின்னு போச்சுங்க. பட்டாளத்து வேலையே இல்ல. காலர் திருப்ப ஆளுக வர ஆரம்பிச்சுட்டாக. அப்ப வந்துச்சு லெட்டர். மௌல்மீன்ல இருக்கேன், நல்லாருக்கேன்னு எழுதியிருந்தான். அதக் கரையான் தின்னுபோச்சு. இல்லாட்டி கொண்டாந்திருப்பேன்."

துப்பட்டி இடுக்கு வழியாக அஜ்மல் பீவி அவரையே பார்த்தாள். அவர் பொய் சொல்கிறார். வேறொரு ஊரைச் சொல்லி, வேறொரு கடிதத்தைச் சொல்லி, சத்தியம் பண்ணிவிட்டுச் சொல்கிறார். அவ்வளவு பேர் சிரிக்கும்படி சொல்கிறார். கூப்பன் வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. முன்சீப் அதை எழுதிவிட்டால் நாலு வருஷக் கணக்கு நிறைய இன்னும் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ அவள் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் இன்னொரு காலம் கண்டுபிடிப்பார். அவருக்கா கண்டுபிடிக்கத் தெரியாது?

அவள் முறை வந்தது. வக்கீல் கேட்டதற்குத் துப்பட்டிக்குள்ளேயே மெல்லப் பதில் சொன்னாள். "சத்தமாச் சொல்லும்மா" என்றார் முன்சீப்.

"கடைசி லெட்டர் காக்கிக் காலத்துல வந்துச்சு" என்றாள். கோர்ட்டில் மறுபடியும் ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை நின்றாள். "எங்க மாமி அப்ப இருந்தாக. ஹாஜரா பீவி. அந்த லெட்டர மாமா படிச்சுக் காட்டுனாக. ரங்கூன்ல குண்டு விழுந்திருச்சு, வடக்க மாந்தளைக்குப் போறோம், போயி எழுதுறேன்னு இருந்துச்சு. மாமி அத வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாக. அதுக்கப்புறம் அவுக எந்திரிக்கவே இல்ல. ஒரு மாசத்துக்கு மேல கெடந்து மவுத்தாப் போனாக. அதுக்குப் பெறகு ஒரு லெட்டரும் வரல."

யாரும் சிரிக்கவில்லை. முன்சீப் பீர் முகமதுவை மறுபடியும் கூண்டுக்குக் கூப்பிட்டார். "உங்க சம்சாரம் எப்ப காலமானாங்க?"

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரம் ஆடிய கைகள் அந்தக் கட்டையை விட்டு எழவே இல்லை. அஜ்மல் பீவி காத்திருந்தாள். இதற்கும் அவர் ஒரு காலத்தைச் சொல்லுவார் என்று நினைத்தாள்.

"நாப்பத்திரெண்டு, மார்ச்சு ஆறு" என்றார் பீர் முகமது. "வெள்ளிக்கெழம. ஜும்மா முடிஞ்சு அடக்குனோம்."

"கடிதம் அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முந்திங்க." பிறகு, யாரும் கேட்காமலே, "அவ அதக் காதால கேட்டுட்டுத்தான் போனா" என்றார்.

தீர்ப்பு அந்த மாதமே வந்தது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. தீர்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான் நடப்புக்கு வரும். அதற்குள் பாதுஷா உயிரோடு வந்து, மனைவியோடு வாழத் தயார் என்று சொல்லிவிட்டால் தீர்ப்பு இல்லை என்று ஆகிவிடும். ஆறு மாதம். அதற்குப் பிறகு, மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் இத்தா இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பரவைக் கருவாட்டுக்கடைக்காரர். கனி விரல் விட்டு எண்ணிக் காட்டினான். "அதுவரைக்கும் நம்ம வீட்டுல வந்து இரு" என்றான். அவன் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர். அது மட்டும் காரணமில்லை. "ஆறு மாசத்துக்கு நான் அந்த வீட்டு மருமகதானேண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் தெற்குவாசலுக்கே திரும்பினாள்.

திரும்பியபிறகுதான் தெரிந்தது, பீர் முகமது பேச்சை நிறுத்திவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல அரிசி வந்தது, விறகு வந்தது, காஜாவுக்குத் துணி மூட்டை வந்தது. வைத்த சோற்றைச் சாப்பிட்டார். ஆனால் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் சுவரைப் பார்த்தபடி இருந்தார். சிவனாண்டி என்ன சொன்னார், கடைவீதியில் யாரைப் போலீஸ் பிடித்தது, எந்தக் கட்சி எந்தத் தெருவில் கூட்டம் போட்டது, எதுவும் இல்லை. தெருவில் கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனால் அது என்ன கோஷம் என்று அவளுக்குப் பாதிதான் விளங்கியது. சுதந்திரம் வரப்போகிறது என்று பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா கிணற்றடியில் சொன்னாள். அவளுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. இந்த வீட்டில் இத்தனை வருஷமாகத் தனக்கு ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது, அதைத் தானே கோர்ட்டில் போய்ச் சாத்திவிட்டு வந்திருக்கிறோம் என்று அஜ்மல் பீவிக்குத் தோன்றியது.

வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தாள். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களும் கப்பலில் வந்தவர்களும் ஊருக்குள் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அவன் வந்துவிடக்கூடாதா என்று துஆ கேட்டவள், இப்போது அவன் வந்துவிடுவானோ என்று கைவேலையை நிறுத்திக் காது கொடுத்தாள். அப்படிப் பயந்ததற்காகத் தொழுகைப்பாயில் உட்கார்ந்து அழுதாள். ஒருவன் உயிரோடு இருக்கக்கூடாது என்றா நான் நினைக்கிறேன்? இல்லை, உயிரோடு இருக்கட்டும், எங்கேயோ நன்றாக இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து வரட்டும். இப்படி ஒரு துஆவை எந்த ஹஜ்ரத்திடம் போய்ச் சொல்லுவது?

மூன்றாவது மாதம், பிறைக் கணக்குப்படி, ஹாஜரா பீவி இறந்த நாளுக்கு ஓதும் வருஷ பாத்திஹா வந்தது. ஓதியவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, மத்தியான வெயில் முற்றத்தில் பாதி நிற்க, பீர் முகமது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லெட்டர் வந்தது ஜனவரி இருபத்திநாலு" என்றார். "சனிக்கெழம."

அவள் தட்டோடு நின்றாள்.

"எனக்குத் தேதி வராதுன்னு ஊரே சொல்லுது. எல்லாத் தேதியும் எனக்குத் தெரியும் தாயி. அவன் பொறந்த தேதி, ரயிலேறுன தேதி. எண்ண ஆரம்பிச்சா இத்தன வருசம் ஆச்சேன்னு வரும். இத்தன வருசம் ஆனா ஒருத்தன் இருப்பானான்னு வரும். அதான் எண்ணல. காக்கிக் காலம்னு சொல்லிட்டாப் போதும், எம்புட்டு நாளுன்னு யாரும் கேக்க மாட்டாக."

"அதுக்காகச் சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்வீகளா மாமா?"

"சொன்னேன். அல்லா கேப்பான். நீ கேக்காத."

"நான் கேப்பேன்" என்றாள். தட்டுகளைத் தரையில் வைத்தாள். "உங்களுக்கு ஆறு காலம் மாமா. தொப்பி போச்சு, கோட்டு வந்துச்சு, கதர் வந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சு? நீங்க எந்தக் காலம்னு சொன்னாலும் நான் இந்தத் தூணுலதான் சாஞ்சு உக்காந்திருந்தேன். என்னய ஏன் புடிச்சு வச்சீக?"

பீர் முகமது தரையைத் தடவினார். தைக்கத் துணி விரித்தால் சுருக்கம் நீவுவாரே, அப்படி வெறும் தரையை நீவினார்.

"நீ போயிட்டா, அவன் வந்து யாரத் தேடுவான்?"

"அவுக வராமலே போயிட்டா நான் யாரத் தேடுவேன்?"

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. ஆனால் பழைய பேச்சு இல்லை. உப்பு குறைவு, நூல் தீர்ந்துவிட்டது, நாளைக்கு மழை வரும். இந்த நாட்களுக்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை.

சித்திரை பிறந்தது. ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலையில், இத்தா இருக்கத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வருவதாகக் கனி சொல்லியிருந்தான். அதற்குள் பர்மாவிலிருந்து யாரும் தேடி வரவில்லை, எந்தக் கப்பலும் பாதுஷாவைக் கொண்டுவரவில்லை. அழகர் ஆற்றில் இறங்க இன்னும் பத்து நாள்தான். புதுமண்டபத்தில் மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடும் சமயம். கனி வர வேண்டிய அன்றைக்கு மட்டும் பீர் முகமது கடைக்குப் போகவில்லை. சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் வீட்டு நிலைப்படியில் தெருவைப் பார்க்க உட்கார்ந்தார்.

அஜ்மல் பீவி ஒரு தகரப் பெட்டியிலும் ஒரு துணி மூட்டையிலும் தன்னுடையதை அடக்கினாள். மதியத்துக்கும் ராத்திரிக்கும் சோறாக்கி மூடி வைத்தாள். குழம்பு எது, ரசம் எது என்று சொல்லலாமா என்று யோசித்தாள். திறந்தால் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வேஷம் கட்டுகிற சங்கிலி வந்து தெருவில் நின்றார். "மாஸ்டரு, கடையில காணோமேன்னு வந்தேன். என் சல்லடம் ரெடியாயிருச்சா? போன வருசத்துது இடுப்புல நிக்க மாட்டேங்குது."

"நாளைக்கு வா" என்றார் பீர் முகமது.

"ஒடம்புக்கு என்னமும் சரியில்லையாண்ணே?"

"நாளைக்கு வாப்பா."

சங்கிலி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் குதிரைவண்டி வந்து நின்றது. கனி முன்பக்கம் வண்டிக்காரனோடு உட்கார்ந்திருந்தான். அவன் இறங்கி, "ஸலாம் மாமா" என்றான். பீர் முகமது ஸலாமைத் திருப்பிச் சொன்னார். எழுந்திருக்கவில்லை.

உள்ளே அஜ்மல் பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மூட்டையை இடுப்பில் எடுத்து வாசலுக்கு வந்தாள். நிலைப்படி அகலமானதல்ல. ஒருவர் உட்கார்ந்தால் அடைந்துவிடும். அவருடைய முதுகு அவளுக்கு முன்னால் ஒரு முழத்தில் இருந்தது. மூச்சு விடும்போது தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் ஏறி இறங்கியது. அவள் வந்து நிற்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "மாமா, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் அவராக எழட்டும் என்று மூட்டையை இறக்காமல் நின்றாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. வண்டிக்காரன் இறங்கிக் குதிரைக்கு முன்னால் ஒரு கத்தைப் புல்லை உதறிப் போட்டான். குதிரை அவசரமில்லாமல் தலையைக் குனிந்து மெல்லத் தொடங்கியது.